சிறிய கை, முறிந்து சேர்ந்த மணிக்கட்டு: மறைத்து அணிய எந்தக் காலிபர்?

நீலவானம்

வணக்கம். உரிமம் கைக்கு வந்துவிட்டது, அடிப்படைப் பயிற்சியும் முடிந்தது. இனி துப்பாக்கி வாங்க வேண்டியதுதான். அங்கேதான் நின்றுகொண்டிருக்கிறேன், ஏனென்றால் கேட்ட இடத்தில் எல்லாம் வேறு வேறு பதில். .45-க்குக் கீழே எதையும் நம்பாதே என்கிறார் ஒருவர். 9 எம்எம் போதும், மற்றதெல்லாம் பழங்கதை என்கிறார் இன்னொருவர். நான் வாயைத் திறப்பதற்கு முன்பே “பெண்களுக்கு .380” என்று எடுத்து நீட்டியவர்களும் உண்டு.

என் நிலைமையைச் சொல்லிவிடுகிறேன். கை சிறியது. வலது மணிக்கட்டு முன்பு முறிந்து சேர்ந்தது, இன்னும் முழு பலம் இல்லை. தினமும் இடுப்பில், உடைக்குள் மறைத்து அணியப் போகிறேன். பையில் போட்டுக்கொண்டு திரிவதில் எனக்கு விருப்பமில்லை. பயிற்சிக்குத் தவறாமல் போவேன், அதில் சந்தேகம் வேண்டாம்.

எனக்குத் துப்பாக்கிகளின் பெயர்ப் பட்டியல் வேண்டாம். காலிபர், அதாவது குண்டின் அளவு, மாறினால் உண்மையில் என்ன மாறுகிறது, எனக்கு அதில் எது முக்கியம், அதை மட்டும் காரணத்தோடு சொல்லுங்கள்.

சுடுகளம்

வாருங்கள். காரணம் கேட்டு ஆரம்பித்தது நல்லது. பயிற்சி கொடுக்கிறவன் என்ற முறையில் முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம். கீழே உள்ளவை வழக்கமான தோட்டாக்களுக்கான தோராய எண்கள்; தயாரிப்பையும் குழல் நீளத்தையும் பொறுத்து ஏறும், இறங்கும்.

9 எம்எம்: 124 கிரெயின் குண்டு, அதாவது 8 கிராம். வினாடிக்கு 345 மீட்டர். ஆற்றல் 475 ஜூல் வரும்.

.40: 180 கிரெயின், 11.7 கிராம். வினாடிக்கு 300 மீட்டர். 525 ஜூல்.

.45 ஏசிபி: 230 கிரெயின், 14.9 கிராம். வினாடிக்கு 255 மீட்டர். 485 ஜூல்.

.380 ஏசிபி: 95 கிரெயின், 6.2 கிராம். வினாடிக்கு 290 மீட்டர். 260 ஜூல்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. ஆற்றல் என்று பார்த்தால் 9, .40, .45 மூன்றும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. பெரிய பள்ளம் இருப்பது .380-க்கும் 9-க்கும் நடுவில்தான். ஊரெல்லாம் 9-ஆ .45-ஆ என்று சண்டை போடுகிறது, உங்கள் நிலைமையில் யோசிக்க வேண்டிய கோடு அதற்குக் கீழே இருக்கிறது.

கையில் விழும் உதை வேறு கணக்கு. அதற்கு நிறையையும் வேகத்தையும் பெருக்க வேண்டும். 9-க்கு 2.8, .40-க்கு 3.5, .45-க்கு 3.8. ஒரே எடையுள்ள துப்பாக்கியில் சுட்டால் .45 உங்கள் மணிக்கட்டுக்குக் கொடுப்பது 9 கொடுப்பதைவிட மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அதிகம். இலக்கில் கிடைக்கும் ஆற்றலோ ஏறக்குறைய அதேதான்.

நாற்பத்தைந்து

ஜூல் கணக்கை மட்டும் வைத்து .45-ஐ எடை போடுவதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். உடம்பில் துளை போடுவது குண்டின் அகலம். 9 எம்எம் குண்டின் குறுக்குப் பரப்பு 64 சதுர மில்லிமீட்டர். .45 குண்டின் விட்டம் 11.5 மி.மீ., பரப்பு 103-க்கு மேல். குண்டு விரியாமல் போனாலும் இந்த 103 கைவிட்டுப் போகாது. முனையில் குழியிருந்து, பட்டதும் விரிகிற ஹாலோ பாயின்ட் குண்டின் வாயில் துணி அடைத்துக்கொண்டால் 9 வெறும் 9-ஆகத்தான் நிற்கும்.

இந்தக் காலிபர் பிறந்த கதையும் சும்மா இல்லை. பிலிப்பைன்ஸில் மோரோ வீரர்களோடு நடந்த சண்டையில் அமெரிக்க ராணுவத்தின் .38 லாங் கோல்ட் ரிவால்வர், அடி வாங்கியும் ஓடி வருகிறவர்களை நிறுத்தவில்லை. அதன் பிறகுதான் 1904-இல் தாம்ப்ஸனும் லகார்டும் சிகாகோ கால்நடைக் கொட்டகைகளில் சோதனை நடத்தினார்கள். .45-க்குக் குறையக் கூடாது என்று அறிக்கை கொடுத்தார்கள். ஜான் பிரௌனிங் அதற்கேற்ற தோட்டாவையும் பிஸ்டலையும் செய்தார், 1911-இல் ராணுவம் ஏற்றது. எழுபது ஆண்டுகளுக்கு மேல் அதுதான் அவர்களின் பிஸ்டல்.

உதையைப் பற்றியும் ஒன்று. .45-இன் அறை அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 21,000 பவுண்டுதான் உச்சம். 9-க்கும் .40-க்கும் அது 35,000. அதனால் .45 கையைத் தள்ளும், ஆனால் சுண்டாது. முழு அளவு இரும்புத் துப்பாக்கியில் ஒருமுறை சுட்டுப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள் தோழி.

தையல்காரன்

நான் அறுவை அரங்கில் வேலை செய்கிறவன். துப்பாக்கிக் காயங்களை உள்ளே திறந்து பார்த்திருக்கிறேன். அதனால் குண்டின் இந்த முனையிலிருந்து ஒன்று சொல்கிறேன்.

கைத்துப்பாக்கிக் காயத்தைத் திறந்து, தடத்தை மட்டும் பார்த்து, இது 9, இது .40, இது .45 என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. குண்டை வெளியே எடுத்து அளந்தால்தான் தெரியும். தசை நார் குண்டு போன பிறகு சுருங்கி மூடிக்கொள்கிறது. நாம் பார்ப்பது குண்டின் விட்டத்தைவிடக் குறுகலான, கசங்கிய ஒரு தடம். தோலில் உள்ள நுழைவாய் அதைவிட ஏமாற்றும்.

குண்டு போகும்போது இரண்டு நடக்கின்றன. ஒன்று, குண்டு நேராக நசுக்கிக் கிழிக்கும் நிலையான தடம். மற்றது, சுற்றியுள்ள திசு ஒரு கணம் விலகி, திரும்பி வந்து சேரும் தற்காலிகக் குழி. ரைஃபிள் குண்டின் வேகத்தில் இந்த இரண்டாவதே பெரிய சேதம் செய்யும். கைத்துப்பாக்கி வேகத்தில் தசை, நுரையீரல், குடல் எல்லாம் விலகிக் கொடுத்துவிட்டுப் பழைய இடத்துக்கு வந்துவிடும். கல்லீரல், மூளை போன்ற விலகிக் கொடுக்காத உறுப்புகள்தான் விதிவிலக்கு. அமெரிக்க ராணுவ அறுவை மருத்துவர் மார்ட்டின் ஃபாக்லர் இதைத்தான் ஜெலட்டின் கட்டிகளில் சுட்டு, உடலில் கண்ட காயங்களோடு ஒப்பிட்டு நிறுவினார்.

ஒரு மனிதன் உடலளவில் உடனே நிற்பதற்கு வழிகள் இரண்டே. மூளையோ முதுகுத்தண்டின் மேல்பகுதியோ அடிபட வேண்டும். இல்லையென்றால் ரத்தம் இறங்கி மூளைக்கு ஆக்ஸிஜன் நிற்க வேண்டும். இதயமே சிதைந்து போனாலும் மூளையில் மிச்சமிருக்கும் ஆக்ஸிஜனில் 10 முதல் 15 வினாடி வரை அந்த ஆள் நினைத்ததைச் செய்யலாம். வலியாலோ பயத்தாலோ நிற்கிறவர்கள் நிறையப் பேர், ஆனால் அது அவர்கள் மனம் எடுக்கும் முடிவு. அதை எந்தக் காலிபரும் உத்தரவாதம் தர முடியாது.

அதனால் குண்டு எங்கே போனது, எவ்வளவு ஆழம் போனது, இவை இரண்டும்தான் முதல் கேள்வி. அகலம் அதற்கு அப்புறம். நாற்பத்தைந்து சொல்லும் அந்தக் கூடுதல் பரப்பு பொய்யில்லை. இதயத்தின் ஓரத்தை ஒரு மில்லிமீட்டரில் தவறவிடுவதும் தொடுவதுமாக அது எப்போதாவது கைகொடுக்கலாம். ஆனால் இரண்டு விரல் தள்ளிப் போன குண்டை எந்த விட்டமும் காப்பாற்றாது.

நீலவானம்

//எவ்வளவு ஆழம் போனது//

எவ்வளவு போக வேண்டும்? நெஞ்சிலிருந்து இதயத்துக்கு சில அங்குலம்தானே? எதற்கு இவ்வளவு ஆழத்தைப் பற்றிப் பேசுகிறோம்?

சுடுகளம்

நேராக நிற்கிற ஆளின் மார்புக்கு நேரே சுட்டால் சில அங்குலம்தான். உங்கள் மேல் பாய்கிற ஆள் அப்படி நிற்க மாட்டான். பக்கவாட்டில் திரும்பியிருப்பான், கையை முன்னால் நீட்டியிருப்பான். குண்டு முதலில் அந்தக் கையைக் கடந்து, பிறகு விலாவைக் கடந்து, அப்புறம்தான் உள்ளே போக வேண்டும்.

இது ஏட்டுக் கணக்கு அல்ல. 1986 ஏப்ரல் 11-இல் மயாமியில் எஃப்.பி.ஐ. அதிகாரிகள் எட்டுப் பேர் இரண்டு வங்கிக் கொள்ளையரை மடக்கினார்கள். சண்டையின் தொடக்கத்திலேயே 9 எம்எம் 115 கிரெயின் ஹாலோ பாயின்ட் ஒன்று பிளாட் என்பவனின் வலது மேற்கையைத் துளைத்து மார்புக்குள் போனது. நன்றாக விரிந்தது. இதயத்துக்கு ஓர் அங்குலம் முன்னால் நின்றுவிட்டது. பிழைக்க முடியாத காயம்தான், ஆனால் அவன் அதற்குப் பிறகும் ரைஃபிளோடு சண்டையைத் தொடர்ந்தான். அதிகாரிகள் இருவர் இறந்தார்கள், ஐந்து பேர் காயப்பட்டார்கள்.

அந்த ஒரு குண்டின் பின்னால்தான் இன்றைய அளவுகோல்கள் எல்லாம் வந்தன. 1989-இல் எஃப்.பி.ஐ. வெளியிட்ட அறிக்கை, குறைந்தது 12 அங்குலம் போக வேண்டும் என்றது. 18 அங்குலம் வரை ஏற்கத்தக்கது. அதற்கு மேல் போனால் மறுபக்கம் வெளியேறி வேறு யார் மேலாவது படும். சோதனை 10 சதவீத ஜெலட்டினில். வெறும் கட்டியில் ஒன்று, கனத்த துணி, தகரம், ஜிப்சம் சுவர்ப் பலகை, ப்ளைவுட், கார்க் கண்ணாடி என்று ஒவ்வொன்றையும் முன்னால் வைத்து ஒவ்வொன்று.

காலிபரிலும் ஓட்டம் நடந்தது. முதலில் 10 எம்எம் எடுத்தார்கள். அதன் முழு வேகத் தோட்டா பலருக்குக் கட்டுக்குள் வரவில்லை, வேகத்தைக் குறைத்தார்கள். வேகத்தைக் குறைத்தால் நீளமான தோட்டாக் கூட்டில் பாதி காலியாகத்தான் கிடக்கும். அதனால் ஸ்மித் அண்ட் வெஸனும் வின்செஸ்டரும் சேர்ந்து கூட்டைக் குட்டையாக்கி 1990-இல் .40-ஐக் கொண்டுவந்தன. காவல் துறைகள் பெருவாரியாக அதற்கு மாறின. பிறகு 2010-களின் நடுவில் எஃப்.பி.ஐ. மறுபடி 9 எம்எம்முக்கே வந்து சேர்ந்தது.

ஏன் திரும்பினார்கள்? 1986-இன் 9 எம்எம் குண்டும் இன்றைய 9 எம்எம் குண்டும் ஒன்றல்ல. ஈயத்தையும் செப்பு உறையையும் பிரியாமல் பிணைப்பது, வாயின் வடிவம், விரியும் அளவைக் கட்டுப்படுத்துவது என்று உள்ளே எல்லாமே மாறிவிட்டது. நல்ல தயாரிப்பு 9 இன்று துணியைக் கடந்தும் 12-க்கும் 18-க்கும் நடுவில் நிற்கிறது. .40-உம் .45-உம் அதே இடத்தில்தான் நிற்கின்றன. அப்படியிருக்க, அதே அதிகாரி 9-இல் வேகமாகவும் குறி தப்பாமலும் சுட்டார், பிடிக்குள் செருகும் தோட்டாப் பெட்டியான மேகசினிலும் கூடுதலாகத் தோட்டா அடங்கியது. விரிந்த பிறகு .45 சில மில்லிமீட்டர் அகலம் அதிகம்தான், மறுக்கவில்லை.

நடுவழி

.40 வைத்திருப்பவனாக ஒரு வரி. கார்க் கண்ணாடி, தகரம் போன்ற தடைகளைக் கடக்கும்போது கனமான .40 குண்டு தன் வழியிலிருந்து அவ்வளவாக விலகாது. வாகனத்தோடு வேலை செய்கிற காவலருக்கு அது உண்மையான நன்மை. ஆனால் மறைத்து அணியும் சிறு பிஸ்டலில் .40 வாங்காதீர்கள். 35,000 அழுத்தம், கனமான குண்டு, இலேசான சட்டம் (துப்பாக்கியின் உடல்பகுதி). மூன்றும் சேர்ந்தால் குழலின் முகப்பு மேலே எகிறி, அடுத்த குறிக்கு வந்து சேரவே நேரமாகும். உங்கள் மணிக்கட்டுக்கு வேண்டவே வேண்டாம்.

பழைய சுழல்

ரிவால்வரை யாரும் சொல்லவில்லையே. .38 ஸ்பெஷல் நூற்றிருபது ஆண்டுகளைத் தாண்டிய தோட்டா, இன்னும் ஓய்வு பெறவில்லை.

மகளே, உன் மணிக்கட்டைப் பற்றிச் சொன்னதால் சொல்கிறேன். ஆட்டோ பிஸ்டல் ஓட வேண்டும் என்றால் சட்டம் அசையாமல் பிடிக்கிற மணிக்கட்டு வேண்டும். மணிக்கட்டு தொய்ந்தால், சுடும்போது பின்னால் ஓடித் திரும்புகிற மேல்பகுதியான ஸ்லைடு முழுதாகப் பின்னால் போகாது. காலிக் கூடு வெளியேறாமல் வாயில் நட்டுக்கொண்டு நிற்கும். துப்பாக்கி இலேசாக இலேசாக இந்தத் தொல்லை கூடும். ரிவால்வருக்கு அந்தக் கவலை இல்லை. வெடிக்காத தோட்டா வந்தால் விசையை மறுபடி இழு, அடுத்தது வந்துவிடும். ஸ்லைடு இழுக்கவும் வேண்டாம். உடம்போடு உடம்பு ஒட்டிக்கிடக்கிற நிலையில் எதிராளி மேல் முகப்பை அழுத்தினால் ஆட்டோவின் ஸ்லைடு பின்வாங்கிப் பூட்டு விலகிப் போகலாம், ரிவால்வர் சுடும்.

குறையையும் சொல்கிறேன். ஐந்தே தோட்டா. விசை கனம், ஐந்து கிலோவுக்கு மேல் இழுக்க வேண்டும். சிறு கைக்கு அது லேசான காரியமில்லை. 400 கிராம் சொச்சம் எடையுள்ள அலுமினியச் சட்டத்தில், வழக்கத்தைவிட அழுத்தம் கூடிய +P தோட்டா போட்டால் உள்ளங்கை எரியும். அதற்கு ஒரு வழி உண்டு: 148 கிரெயின் வாட்கட்டர். இலக்கு சுடுவதற்காகச் செய்த, முன்பக்கம் தட்டையான ஈயக் குண்டு. வேகம் குறைவு, உதை குறைவு. விரிவதில்லை, விரிய வேண்டிய அவசியமும் இல்லை. தட்டை முனையால் சுத்தமாக வெட்டிக்கொண்டு வேண்டிய ஆழத்துக்குப் போகும். இரண்டு அங்குலக் குழலில் பல ஹாலோ பாயின்ட்டுகள் விரியத் திணறும்போது இது சொன்னதைச் செய்யும்.

.357 மேக்னத்துக்குச் செய்த ரிவால்வரில் .38-உம் போகும், அதையே வாங்கு என்று யாராவது சொல்வார்கள்; .38 ரிவால்வரில் .357 போடக் கூடாது. நான்கு அங்குலக் குழலில் .357 அருமையான தோட்டா, 790 ஜூல் வரை கொடுக்கும். இரண்டு அங்குலக் குழலில் அந்த வெடிமருந்தில் ஒரு பகுதி முகப்புக்கு வெளியே தீப்பந்தாகத்தான் எரிகிறது. மூடிய அறைக்குள் அந்த வெளிச்சமும் சத்தமும் உன்னையே திகைக்க வைத்துவிடும். வேண்டாம்.

நீலவானம்

ஐயா, மிக்க நன்றி. விசையை இழுத்துப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.

.380 பற்றி இன்னும் யாரும் விரிவாகச் சொல்லவில்லை. உதை குறைவு, துப்பாக்கி சிறியது. எனக்கு அதுதானே பொருத்தமாகத் தெரிகிறது? அதில் என்ன தவறு?

அரைவட்டம்

நான் .380 அணிகிறவள், அதனால் இதற்குப் பதில் நானே சொல்கிறேன்.

“உதை குறைவு” என்பது தோட்டாவைப் பற்றிய உண்மை. துப்பாக்கியைப் பற்றியது அல்ல. சட்டைப்பைக்குள் போகும் .380 பிஸ்டல்கள் 270, 280 கிராம்தான் இருக்கும். பிடியில் இரண்டு விரல்தான் உட்காரும், சுண்டுவிரல் காற்றில் தொங்கும். அதைச் சுட்டால் விசையைச் சுற்றியிருக்கும் வளையமான விசைக்காப்பு விரலில் வந்து அடிக்கிறது. 500 கிராம் எடையுள்ள 9 எம்எம் அதைவிடச் சாதுவாக இருக்கும். பயிற்சிக்குப் பத்து நிமிடம் போதும், எப்போது நிறுத்தலாம் என்று தோன்ற ஆரம்பித்துவிடும். பயிற்சியே கசந்துபோகிற துப்பாக்கியை யாருக்கும் வாங்கிக் கொடுக்கக் கூடாது. அதையும் “பெண்களுக்கு” என்று சொல்லி விற்பதைப் பார்த்தால் எனக்குக் கோபமே வரும்.

இன்னொன்று உள்ளே இருக்கும் அமைப்பு. பழைய .380-களில் பல, பூட்டில்லாதவை. வால்தர் பிபிகே அந்த வகை. குழல் சட்டத்தோடு நிலையாக இருக்கும். ஸ்லைடின் கனமும் ஸ்பிரிங்கின் விறைப்பும் மட்டுமே வெடிப்பைத் தாங்க வேண்டும். அதனால் ஸ்பிரிங் விறைப்பாக இருக்கும், இழுக்கக் கை வலிக்கும், உதையும் சுள்ளென்று வரும். குழலும் ஸ்லைடும் சிறிது தூரம் சேர்ந்து பின்வாங்கிப் பிறகு பிரிகிற, பூட்டுள்ள .380 என்றால் கதையே வேறு. 2018-இல் வந்த ஸ்மித் அண்ட் வெஸன் ஷீல்டு இ.இசட். இந்த வகை. 525 கிராம் எடை, எட்டுத் தோட்டா மேகசின், ஸ்லைடு இரண்டு விரலுக்கே வழிவிடும். நான் அணிவது இந்த மாதிரிதான். எனக்கு மூட்டுவாதம் இருக்கிறது, 9 எம்எம்மின் ஸ்லைடை நம்பகமாக இழுக்க முடியாது என்பதால் இதற்கு வந்தேன்.

அப்புறம் குண்டு. .380-இல் ஆற்றல் 260 ஜூல்தான், அதுவும் குட்டைக் குழலில் இன்னும் குறையும். இதை வைத்து விரியவும் வேண்டும், ஆழமாகப் போகவும் வேண்டும் என்றால் இரண்டுக்கும் போதாது. நன்றாக விரிகிற குண்டு பல நேரம் 8, 9 அங்குலத்தில் நின்றுவிடும். ஆழம் போகிற குண்டு பல நேரம் விரிந்திருக்காது. தையல்காரன் சொன்னதை வைத்துப் பார்த்தால் ஆழத்தைத்தான் எடுக்க வேண்டும். அதனால் .380-இல் செப்பு உறையிட்ட, விரியாத முழு உறைக் குண்டோ, அளவாக விரிகிற குண்டோ போடுகிறவர்கள் அதிகம். 9-இல் இந்தப் பேரமே இல்லை.

ஸ்லைடை உங்களால் இழுக்க முடிந்தால் 9-க்குப் போங்கள். முடியாவிட்டால் மட்டும் .380, அதுவும் கொஞ்சம் கனமான, பூட்டுள்ள .380.

நாற்பத்தைந்து

.22, .32, 5.7, .30 சூப்பர் கேரி என்று இன்னும் ஒரு வரிசை இருக்கிறதே, அதையும் யாராவது சொல்லிவிடுங்கள். புதியவர்கள் அதில் போய்ச் சிக்குவதைப் பார்க்கிறேன்.

சுடுகளம்

சுருக்கமாக: .22 எல்ஆர், அடிப்பக்க விளிம்பில் அடித்து வெடிக்கும் விளிம்பு வெடிப்புத் தோட்டா, வெடிக்காமல் போவது நடுவெடிப்புத் தோட்டாவைவிட அதிகம். பயிற்சிக்குத் தங்கம், தற்காப்புக்குக் கடைசி. .32 ஏசிபி சுட இனிமை, ஆழமும் முழு உறைக் குண்டில் பரவாயில்லை, ஆனால் .380 கிடைக்கும்போது தேவையில்லை. .30 சூப்பர் கேரி 2022-இல் ஃபெடரல் கொண்டுவந்தது. குண்டு மெலிது என்பதால் அதே பிடியில் இரண்டு தோட்டா கூடுதலாக அடங்கும். யோசனை நல்ல யோசனை, ஆனால் அதற்கான துப்பாக்கிகளும் தோட்டா வகைகளும் மிகக் குறைவு. 5.7 துப்பாக்கிகள் பெரும்பாலும் இடுப்பில் மறைக்கிற அளவு இல்லை.

இப்போது மறைப்பதைப் பற்றி. உடைக்கு வெளியே துருத்துவது குழல் அல்ல, பிடி. குழல் இடுப்புக்குள் கீழே போய்விடும். பிடிதான் பின்பக்கம் குத்தி நிற்கும், குனிந்தால் தெரியும். .45-க்கு மேகசின் தடிமன், பிடியும் தடிமன், சிறு கையால் விசையை நேராக எட்டவே முடியாது. விசையை விரல் நுனியின் ஓரத்தால் இழுக்கிறவர்களின் குண்டு ஒரு பக்கமாகவே போய்க்கொண்டிருக்கும். அவர்களுக்குக் காலிபரைப் பற்றிப் பேசிப் பயனில்லை, முதலில் பிடியை மாற்ற வேண்டும்.

2018-இல் சிக் பி365 வந்தபோது இந்தக் களமே மாறியது. 500 கிராம் எடை, ஓர் அங்குலத் தடிமன், பத்துத் தோட்டா மேகசின், 9 எம்எம். அதுவரை இந்த உருவத்தில் ஆறு, ஏழுதான் கிடைக்கும். க்ளாக் 43 ஆறு. அதன் பிறகு எல்லோரும் அந்த வழிக்கு வந்தார்கள். சிறு கைக்கு இன்று 9-இல் இருக்கிற தேர்வுகள் .380-இல் இல்லை.

நீங்கள் சுட்டுப் பார்க்கப் போகும்போது இதைச் செய்யுங்கள். ஏழு மீட்டரில் ஒரு தாளில் உள்ளங்கை அகலத்துக்கு வட்டம். ஒவ்வொரு துப்பாக்கியிலும் ஐந்து தோட்டா, நிதானமாக அல்ல, உங்களால் கட்டுப்படுத்த முடிகிற உச்ச வேகத்தில். ஐந்தும் வட்டத்துக்குள் விழுகிற துப்பாக்கிகளில் எது மிக வேகமாக முடித்ததோ அதைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு பலவீனமான மணிக்கட்டால் மட்டும், ஒற்றைக் கையில், அதையே செய்யுங்கள். அதுதான் உங்கள் காலிபர்.

நாற்பத்தைந்து

அந்தச் சோதனையை நான் ஏற்கிறேன். .45-இல் ஐந்தையும் வேகமாக உள்ளே வைக்கிற கைகள் உண்டு, அவர்கள் .45 அணியட்டும். மூன்று அங்குலக் குழல் .45 மட்டும் வேண்டாம். ஏற்கெனவே மெதுவாகப் போகிற குண்டு, இன்னும் வேகம் இழந்தால் விரிவது உறுதியில்லை.

தையல்காரன்

ஒரு விஷயம் விட்டுப்போகக் கூடாது. 9 எம்எம் முழு உறைக் குண்டு ஜெலட்டினில் இரண்டு அடிக்கு மேல் போகும். உடம்பைக் கடந்து வெளியேறும். சுடுகளத்தில் அது சரி, அணிந்து செல்லும்போது ஹாலோ பாயின்ட்தான். வீட்டு ஜிப்சம் பலகைச் சுவரை இங்கே பேசிய எந்தக் காலிபரும் சுலபமாகக் கடக்கும், ஹாலோ பாயின்ட் உட்பட. அதன் வாயில் பொடி அடைத்துக்கொண்டால் விரியாத குண்டு மாதிரியே மேலே போகும். சுவருக்கு அந்தப் பக்கம் யார் தூங்குகிறார்கள் என்பது காலிபரால் தீராது. எந்தத் திசையில் சுடக் கூடாது என்பதை வீட்டுக்குள் நின்று முன்பே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் மேசைக்கு வருகிறவர்களில் யாரும் குறி வைக்காதவர்களும் இருக்கிறார்கள். அவர்களைப் பார்க்கிற வேதனை தனி.

நீலவானம்

சுட்டுப் பார்த்துவிட்டு வந்தேன், எல்லோருக்கும் நன்றி.

சட்டைப்பை .380: அரைவட்டம் சொன்னது ஒரு எழுத்துப் பிசகவில்லை. விசைக்காப்பு அடித்த இடம் இன்னும் சிவந்திருக்கிறது. முழு அளவு .45: நாற்பத்தைந்து சொன்ன மாதிரி தள்ளுகிறது, சுண்டவில்லை, சுடவே பிடித்திருந்தது. ஆனால் ஒரு கிலோவுக்கு மேல் கனம், விசைக்கு என் விரல் நுனிதான் எட்டியது, ஒற்றைக் கையில் முகப்பு சரிந்துகொண்டே போனது. ரிவால்வரில் விசையை இழுத்து முடிப்பதற்குள் குறி நடுங்கிவிடுகிறது, ஐயா. நெருக்கத்தில் பரவாயில்லை, ஏழு மீட்டரில் வட்டத்துக்கு வெளியே போனது.

500 கிராம் 9 எம்எம்: இரண்டு கையாலும் பிடித்துச் சுட்டபோது ஐந்தும் உள்ளே, வேகத்திலும் இதுதான் முதல். வலது கையில் தனியாகச் சுட்டபோது ஒருமுறை காலிக் கூடு நட்டுக்கொண்டு நின்றது. ஸ்லைடு இழுக்க முடிகிறது, ஆனால் வியர்த்தால் வழுக்குகிறது.

9-க்குத்தான் மனம் போகிறது. அந்தக் கூடு நட்டுக்கொண்டது மட்டும் உறுத்துகிறது. அதை என்ன செய்வது? எந்தக் கிரெயின் வாங்குவது?

சுடுகளம்

கூடு நிற்பதற்கு மணிக்கட்டுதான் காரணம் என்று உடனே முடிவு கட்ட வேண்டாம். அதே துப்பாக்கி, அதே தோட்டாவை வேறு ஒருவர் ஒற்றைக் கையில் சுடட்டும். அவருக்கும் நின்றால் தோட்டாவோ ஸ்பிரிங்கோ. அவருக்கு ஓடினால் பிடி. பிடி என்றால், பின்பக்கப் பிடியில் கை எவ்வளவு மேலே ஏற முடியுமோ அவ்வளவு ஏறி உட்கார வேண்டும், முழங்கையை முழுதாக நீட்டிப் பூட்ட வேண்டும். பெரும்பாலும் இதிலேயே சரியாகும். இடது கையால் சுடவும் பழகுங்கள். உங்கள் பலமான மணிக்கட்டு அதுதானே. ஒற்றைக் கை என்று வந்தால் அதற்கு மாறிக்கொள்ளலாம்.

ஸ்லைடை விரல் நுனியால் கிள்ளி இழுக்காதீர்கள். துப்பாக்கியை மார்புக்குப் பக்கத்தில் கொண்டுவந்து, மற்ற கையின் நான்கு விரலும் உள்ளங்கையும் ஸ்லைடை மேலிருந்து கவ்வட்டும். ஸ்லைடு நிற்கட்டும், துப்பாக்கி பிடித்த கையை முன்னால் குத்துங்கள். பலம் தோளிலிருந்து வரும். இதைச் செய்யும்போது முகப்பு பக்கவாட்டில் திரும்பிப் பக்கத்தில் இருப்பவரைக் கடப்பது சகஜம். அதனால் உடம்பைத் திருப்புங்கள், முகப்பு இலக்குத் திசையிலேயே இருக்கட்டும். விரல் விசைக்கு வெளியே.

கிரெயின்: 124-இல் ஆரம்பியுங்கள். மூன்று அங்குலக் குழலிலும் விரிந்து, ஆழமும் போகிற நல்ல தயாரிப்புகள் இந்த எடையில் நிறைய. 147 மெதுவாகப் போகும், உதை சற்று மென்மை; ஆனால் தளர்வாகப் பிடித்தால் சில துப்பாக்கிகளுக்கு ஸ்லைடு மந்தமாக ஓடும். +P உங்களுக்கு அவசியமில்லை. எதை அணிகிறீர்களோ அதே தோட்டாவை உங்கள் துப்பாக்கியில், உங்கள் மேகசின்கள் எல்லாவற்றிலும் போட்டு, 200 வரையாவது தடையில்லாமல் ஓடுகிறதா என்று பாருங்கள். பயிற்சித் தோட்டா ஓடியது என்பது ஹாலோ பாயின்ட்டுக்குச் சாட்சியாகாது, வாயின் வடிவம் வேறு.

ஹோல்ஸ்டர், அதாவது துப்பாக்கியைச் செருகும் உறை, விசையை முழுதாக மூடுகிற விறைப்பான வகையாக இருக்கட்டும். வீட்டில் கழற்றினால் பூட்டுப் பெட்டிக்குள்.

கடைசியாக, பலர் கவனிக்காதது. தினமும் இறக்கி, தினமும் ஏற்றும்போது அதே முதல் தோட்டாவே திரும்பத் திரும்ப அறைக்குள் மோதுகிறது. குண்டு கூட்டுக்குள் கொஞ்சம் கொஞ்சமாக அமுங்கும், உள்ளே இடம் குறையும், வெடிக்கும்போது அழுத்தம் எகிறும். இறக்கிய தோட்டாவைப் புதிய ஒன்றின் பக்கத்தில் நிறுத்தி உயரம் பாருங்கள். கண்ணுக்கே குட்டையாகத் தெரிந்தால் அதைச் சுடாதீர்கள், தனியாக ஒதுக்கிவிடுங்கள். தினமும் இறக்கித்தான் ஆக வேண்டும் என்றால் முதல் தோட்டாவை மாற்றி மாற்றிப் போடுங்கள்.